புனே திரைப்படக் கல்லூரி: கேமரா தொடாத படிப்பா?

ஒருவர், புனேயில் உள்ள எஃப்.டி.ஐ.ஐ. (இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரி) போன்ற இடங்களில் புத்தகப் பாடம் மட்டுமே, மாணவர்கள் கேமராவையே தொடாமல் வெளியே வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அவர் ஆதங்கம் புரிகிறது, ஆனால் எஃப்.டி.ஐ.ஐ.யைப் பொறுத்தவரை அது சரியில்லை.

அந்தக் கல்லூரி 1960இல் தொடங்கப்பட்டதே படங்கள் எடுக்கப்பட்ட பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில்தான். அங்கே தொலைக்காட்சிப் பிரிவின் ஓராண்டுப் படிப்பில், ஆண்டு முடிவில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி என நான்கு துறை மாணவர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். அதுவும் பாடத்தின் ஒரு பகுதி. அப்படி எடுத்ததுதான் சிதானந்த நாயக்கின் கன்னடக் குறும்படம். கிழவி ஒருத்தி ஊர்ச் சேவலைத் திருடிவிட, சூரியன் உதிக்காமல் போகும் கதை. 2024இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் மாணவர் படப் பிரிவான 'லா சினெஃப்'பில் முதல் பரிசு வாங்கியது. எவ்வளவு பெரிய விஷயம் இது!

நீங்களே பார்க்கலாம். கான் விழா இணையதளத்தில் அந்த ஆண்டின் லா சினெஃப் பட்டியலைத் திறந்தால், படத்தின் பக்கத்திலேயே கல்லூரியின் பெயரும் இருக்கும். அப்புறம், எஃப்.டி.ஐ.ஐ. தளத்தில் உள்ள பாடத்திட்டத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.