சக்கரம் தொட்ட பிறகும் காற்று விடாது

அந்தச் செஸ்னா 172 என்ற சிறிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் ஓடி, மூக்கைக் குத்திக்கொண்டு நின்றதை நேரில் பார்த்தேன். நல்லவேளை, உள்ளே இருந்த இருவரும் தாங்களாகவே கதவைத் திறந்து இறங்கி வந்துவிட்டார்கள். முன் சக்கரம் மடங்கிப்போயிருந்தது. புரொப்பெல்லரின் ஒரு இலை வாழை மட்டை போலப் பின்னால் வளைந்திருந்தது. இடது இறக்கையின் நுனியில் மண்ணும் புல்லும் அப்பியிருந்தன. அன்று சாயங்காலத்துக்குள் "காற்று தூக்கிப் போட்டுவிட்டது" என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் பேச்சை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அன்றைய காற்று யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஓடுபாதை 27, அதாவது அது நோக்கும் திசை 270 டிகிரி. காற்று 320 டிகிரியிலிருந்து 18 நாட் (விமானத்தில் வேகத்தைச் சொல்லும் அலகு), திடீரென்று கூடும் வீச்சு 26 நாட் என்று டவர் சொல்லிக்கொண்டே இருந்தது. இடைக்கோணம் 50 டிகிரி, வலப்பக்கத்திலிருந்து. கணக்குப் போட்டால், 18 நாட் காற்றில் சுமார் 14 நாட் பக்கவாட்டில் தள்ளும். வீச்சு வரும்போது அது 20 ஆகிவிடும். 172-இன் கையேட்டில் பக்கக் காற்றுக்குப் பொதுவாக இருக்கும் எண் 15 நாட். இந்த 15-ஐப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சோதனை விமானி ஒருவர் அந்த அளவு காற்றில் இறக்கிக் காட்டினார் என்பதுதான் அதன் பொருள். அது சட்டப்படியான எல்லை இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு "தாண்டினால் என்ன" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இறக்கிக் காட்டியது சோதனை விமானியின் கை. நம் கைக்கு அந்தப் பழக்கம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

அந்த விமானம் இறங்கி வந்த விதத்தில் பெரிய குறை இல்லை. மூக்கைக் காற்றுப் பக்கம் லேசாகத் திருப்பி, நண்டு நடப்பது போலச் சாய்வாக வந்தது. தரைக்குச் சற்று மேலே இடது ரடரை (வாலில் மூக்கைத் திருப்ப உதவும் பலகை) மிதித்து மூக்கை நேராக்கி, வலது இறக்கையைத் தாழ்த்தியபோது வலது சக்கரம் முதலில் தொட்டது. ஒருமுறை எம்பி, மறுபடி உட்கார்ந்தது. இறங்கியாகிவிட்டது என்று விமானியின் கை தளர்ந்தது அப்போதுதான். வலப்பக்கம் திருப்பியிருந்த ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் விமானத்தைச் சாய்க்கும் பலகை) நடுவுக்கு வந்துவிட்டது. தொட்ட நொடியில் விமானம் இன்னும் பாதி பறந்துகொண்டுதான் இருக்கிறது, இறக்கைக்குத் தூக்கும் பலம் மிச்சம் இருக்கிறது. வேகம் குறையக் குறைய ஏலரானின் பிடியும் குறையும். அதனால் தரையில் ஓடும்போது அதைக் காற்றுப் பக்கம் இன்னும் கூடுதலாகத் திருப்பிக்கொண்டே போக வேண்டும், கடைசியில் முழுதாக. இங்கே நேர்மாறாக நடந்தது. அடுத்த வீச்சில் வலது இறக்கை எழும்பியது. வாலின் செங்குத்துத் தகட்டைக் காற்று தள்ள, காற்றுக் காட்டி திரும்புவது போல மூக்கு வலப்பக்கம் திரும்பியது. அப்புறம் இடது இறக்கை தரையில் உரசியது, மீதியை ஓரத்து மண் பார்த்துக்கொண்டது.

இதை அந்த விமானியின் கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. நாமெல்லாம் எப்படிக் கற்றுக்கொண்டோம்? விடியற்காலையில், காற்றின் திசை காட்டும் துணிப்பை தொங்கிக் கிடக்கும் நேரத்தில். வகுப்பு சுலபமாக முடியும், ஒரே நாளில் பல மாணவர்களைப் பறக்க வைக்கலாம். காற்று எழும்பியதும் "இன்றைக்குப் போதும்" என்று விமானத்தைக் கட்டிவைத்துவிடுவோம். என் பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டினால், 10 நாட் அளவுக்கு மேல் பக்கக் காற்றில் இறங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப் பழகியவருக்கு முதல் நிஜமான பக்கக் காற்று, தனியாகவோ பக்கத்தில் நண்பரை வைத்துக்கொண்டோ பறக்கும் நாளில்தான் வருகிறது. காற்றுள்ள மதியங்களில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதே, திரும்பத் திரும்ப இறங்கிப் பழக வேண்டும். பயிற்சிப் பள்ளிகள் இதை மாணவரின் விருப்பத்துக்கு விடாமல் பாடத்திலேயே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறி மறுபடி சுற்றி வருவது. விமானம் எம்பியபோதே முழு த்ராட்டில், அதாவது இன்ஜினின் முழு பலத்தையும் கொடுத்து மேலே ஏறியிருக்கலாம், ஓடுபாதை முன்னால் நிறைய மிச்சம் இருந்தது. ஏன் ஏறவில்லை என்று பிறகு கேட்டேன். "பக்கத்தில் ஆள் இருந்தார், பயந்துவிடுவாரே என்று நினைத்தேன்" என்றார். அந்தப் பதில் இன்னும் என்னை உறுத்துகிறது. மறுபடி சுற்றி வருவதைத் தோல்வியாகப் பார்க்கும் பார்வையை அவருக்குக் கொடுத்தது நாம்தான். யாராவது சுற்றி வந்தால் கீழே நின்று "என்னாச்சு?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் எனக்கும் அதே மாதிரிக் காற்று. கிளம்பும் முன்பே பக்கத்தில் இருந்தவரிடம், "இரண்டு மூன்று தடவை சுற்றி வருவோம், அது சாதாரணம்தான்" என்று சொல்லி வைத்தேன். முதல் தடவை நடுக்கோட்டில் நிற்கவில்லை, ஏறிவிட்டேன். இரண்டாவது தடவை வீச்சு கூடியது, மறுபடியும் ஏறினேன். மூன்றாவது தடவை வலது சக்கரம், இடது சக்கரம், கடைசியில் முன் சக்கரம் என்று வரிசையாகத் தொட்டன. ஓடுபாதையை விட்டு வெளியே வரும்வரை ஏலரானை வலப்பக்கத்திலிருந்து எடுக்கவே இல்லை.