மாவோ கொடுத்த மாம்பழமும் நம்மூர் பேனரும்

தலைவர் வழிபாடு என்று பேச்சு வந்தாலே நாம் இரண்டு தரப்பைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒன்று, புகழுக்கு அலைகிற தலைவர். இன்னொன்று, 'முட்டாள் ஜனங்கள்'. நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறதே, மாவட்டம், ஒன்றியம், வட்டம், கிளை என்று பதவியில் இருப்பவர்கள், அடுத்த பதவிக்குத் துண்டு போட்டு வைத்திருப்பவர்கள், வாரியத் தலைவர் கனவில் இருப்பவர்கள், இவர்களை யாரும் கண்டுகொள்வதே இல்லை. என்னைக் கேட்டால் இந்தக் கடையை நடத்துவதே இவர்கள்தான்.

சீனாவின் மாம்பழக் கதை தெரியுமா? 1968 ஆகஸ்ட். பழைய சிந்தனைகளை ஒழிப்பதாகச் சொல்லி மாவோ தொடங்கிய கலாச்சாரப் புரட்சி உச்சத்தில் இருந்த நேரம். பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் சீனத் தலைவர் மாவோவைப் பார்க்க வந்தபோது மாம்பழம் கொண்டுவந்தார். மாவோ அதைத் தான் சாப்பிடாமல் பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் இருந்த தொழிலாளர் குழுக்களுக்கு அனுப்பிவிட்டார். அதற்குச் சில நாட்கள் முன்புதான் அங்கே கோஷ்டி கோஷ்டியாக மோதிக்கொண்டிருந்த செங்காவலர் மாணவர்களை (மாவோ பேரைச் சொல்லிக் கிளம்பிய இளைஞர் படை) அடக்க ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை உள்ளே இறக்கியிருந்தார்கள், மாணவர்கள் தாக்கியதில் தொழிலாளர்கள் சிலர் செத்தும் போயிருந்தார்கள். ஆக அந்த மாம்பழம் ஒரு சைகை. மாணவர்களே, உங்கள் ஆட்டம் முடிந்தது, இனி தொழிலாளர்கள்தான். மாவோ செய்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் கீழே இருந்தவர்கள் செய்தது.

பழங்களைத் தொழிற்சாலைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அந்தப் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் மாம்பழத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை (சேலத்துக்காரர்கள் சிரிக்க வேண்டாம்). ஒரு ஜவுளி ஆலையில் கெடாமல் இருக்க மெழுகு பூசி, மேடை கட்டி வைத்து, தொழிலாளர்கள் வரிசையில் வந்து குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். சில நாட்களில் பழம் அழுகத் தொடங்கிவிட்டது. தலைவர் கொடுத்ததைக் குப்பையில் போட முடியுமா? ஆலையின் புரட்சிக் குழு கூடி, தோலை உரித்து, ஒரு பெரிய அண்டாத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அதற்கும் ஒரு விழா நடத்தி ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தது. அப்புறம் மெழுகிலேயே ஒரு மாம்பழம் செய்து அதே மேடையில் வைத்தார்கள், கும்பிடு தொடர்ந்தது. இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதியவர் மாவோவின் சொந்த மருத்துவர் லி ஜிசுய். அவர் போய்ச் சொன்னபோது மாவோ சிரித்தாராம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மெழுகு மாம்பழம், மாம்பழம் போட்ட எனாமல் குவளை, மாம்பழம் போட்ட படுக்கை விரிப்பு, மாம்பழ சிகரெட் வரைக்கும் போனது. சிச்சுவான் பக்கம் ஒரு பல் மருத்துவர் ஊர்வலமாக வந்த மாம்பழத்தைப் பார்த்துவிட்டு 'சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரிதானே இருக்கிறது' என்று சொல்லித் தொலைத்தார். அவரை ஊர்வலமாக இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றதாகப் பதிவாகியிருக்கிறது.

மாவோவுக்கே சிரிப்பு வந்த விஷயம் அது. ஆனால் ஆலைக்குள் அந்தக் குழுவில் இருந்த எவனாவது 'அழுகிப்போச்சுப்பா, தூக்கிப் போடு' என்று சொல்லியிருக்க முடியுமா? பக்கத்தில் இருப்பவன் என்ன நினைப்பான், யாரிடம் போய்ச் சொல்வான் என்பதுதான் கணக்கு.

நம்மூரில் அந்த உயிர்ப்பயம் இல்லை. இங்கே பயம் பதவி பற்றியது. சந்தேகமாக இருந்தால் ஒரு பேனரை நின்று பாருங்கள். மேலே தலைவர், ஆளுயரத்துக்கு மேல். பக்கத்தில் வாரிசு. அடுத்து மாவட்டச் செயலாளர், அதைவிடக் கொஞ்சம் சின்னதாகப் பகுதிச் செயலாளர், அளவெல்லாம் பார்த்துப் பார்த்துதான் போடுவார்கள். கீழே 'இவண்' என்று போட்டு, செல்போனைக் காதில் வைத்தபடி போஸ் கொடுக்கிற அண்ணன். அந்த வழியில் தலைவர் வரப்போவதே இல்லை. அது மாவட்டத்தின் கண்ணில் படுவதற்காக, முக்கியமாகப் பக்கத்து வட்டத்துக்காரன் வயிறு எரிவதற்காக. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் வேலை முடிந்து வண்டியில் போன பெண் மேல் விழுந்து அவர் உயிரைப் பறித்த பேனரும் ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்ததுதான்.

2014-ல் ஜெயலலிதா சிறைக்குப் போனதும் நடந்த பதவியேற்பு விழாவில் அ.தி.மு.க. அமைச்சர்கள் அழுதுகொண்டே உறுதிமொழி எடுத்ததைப் பார்த்தோம். எல்லாரும் நடித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேமரா முன்னால், அழாமல் நிற்க ஒருவருக்குத் தைரியம் வந்திருக்குமா? 2015 வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலத்தின் மேல் ஜெயலலிதா ஸ்டிக்கர் ஒட்டினார்களே, மேலிடத்திலிருந்து உத்தரவே வந்திருக்க வேண்டியதில்லை. ஒருத்தன் ஒட்டினால் போதும், அடுத்தவன் ஒட்டாமல் இருக்க முடியாது.

அந்தக் கட்சி மட்டும் என்று நினைக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலினே சட்டமன்றத்தில், மானியக் கோரிக்கை விவாதத்தில் என்னைப் புகழ்ந்து பேசினால் நடவடிக்கை எடுப்பேன் என்று தன் கட்சிக்காரர்களை எச்சரித்தார். அப்புறம் புகழ்ச்சி நின்றுவிட்டதா என்று பேரவை நேரலை பார்ப்பவர்களைக் கேளுங்கள். தலைவர் வேண்டாம் என்றால்கூட அந்த வண்டிக்கு பிரேக் பிடிக்காது, ஏனென்றால் அதை ஓட்டுகிறவர் அவர் இல்லை.

'அப்போ எம்.ஜி.ஆர். படத்துக்கு இன்னும் பூ வைக்கிற பாட்டி?' என்று கேட்பீர்கள். அவரை இதில் சேர்க்காதீர்கள். 1982-ல் சத்துணவு வந்தது, அவர் பிள்ளை வயிறாரச் சாப்பிட்டது, அதை அவர் மறக்கவில்லை. அது நன்றி. அவருக்கு வட்டச் செயலாளர் பதவியா வேண்டும்? படித்தவர்கள் எதற்கெடுத்தாலும் அந்தப் பாட்டியைக் கேலி செய்வதும், வெள்ளைச் சட்டையின் மெல்லிய பாக்கெட்டில் தலைவர் படம் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு திரிகிற காண்ட்ராக்டருக்குக் கும்பிடு போடுவதும்தான் எனக்கு எரிச்சல்.

நம் கட்சிகளில் பதவி மேலிருந்துதான் வருகிறது. உட்கட்சித் தேர்தல் என்று பேருக்கு நடக்கும், பெரும்பாலும் 'போட்டியின்றித் தேர்வு' என்று முடியும். ஓட்டுப் போடுகிறவன் தெருவில் இல்லை, மேலே இருக்கிறான் என்றால், ஆள் யாரைப் பார்த்துக் குனிவார்? எங்கள் பகுதியில் ஒருவர் போன தேர்தலுக்கு முன்பு கட்சியே மாறிவிட்டார். மறுவாரமே புது பேனர் வந்துவிட்டது. செல்போனைக் காதில் வைத்த அதே பழைய போட்டோ, வேட்டிக் கரையை மட்டும் கம்ப்யூட்டரில் மாற்றியிருந்தார்கள்.