பேட்ச் ஜாபை உங்கள் திரைக்கு அழைத்து வராதீர்கள்

ஏ.எஸ்.400 என்ற ஐ.பி.எம். வணிகக் கணினியில் வேலை பார்க்கும் இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவு திரை இல்லாமல் பின்னணியில் ஓடிய வேலை, அதாவது பேட்ச் ஜாப், தப்பான கணக்கைக் கொடுத்துவிட்டது என்று டிக்கெட் வந்தால், அந்த ப்ரோக்ராமை உங்கள் பச்சைத் திரையில் கால் பண்ணிப் பார்த்துவிட்டு, "எனக்குச் சரியாத்தானே ஓடுது" என்று மூடிவிடாதீர்கள். சப்போர்ட் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கம் இது. இதனால் ஒரே பிழை மாதாமாதம் புது டிக்கெட்டாக வந்து நிற்கிறது.

1988-இல் ஏ.எஸ்.400 என்று வந்த மெஷின், ஐசீரிஸ், சிஸ்டம் ஐ என்று பெயர் மாறி இன்று ஐ.பி.எம். ஐ ஆகிவிட்டது. ஆனால் அதில் மாறாத ஒன்று, எல்லாமே ஒரு ஜாபுக்குள்தான் நடக்கும். நீங்கள் கால் பண்ணுவதும் இரவில் ஓடியதும் ஒரே ப்ரோக்ராம்தான். ஜாப் வேறு. லைப்ரரி லிஸ்ட் (ஃபைல், ப்ரோக்ராம்களைத் தேடும் வரிசை) வேறு, க்யூடெம்ப் (ஜாபின் தற்காலிக லைப்ரரி) வேறு, லோக்கல் டேட்டா ஏரியா (ஜாபின் சிறு சேமிப்பிடம்) வேறு, யூசர் வேறு. ஒரு ஃபைலுக்குப் பதில் இன்னொன்றை எடு என்று காலையில் நீங்கள் போட்ட ஓவர்ரைடு உங்கள் ஜாபில் மட்டும்தான் இருக்கும். போன வாரம் ஒருவர் மணிக்கணக்காகத் தேடியது இதைத்தான்: அவருடைய க்யூடெம்பில் முந்தைய சோதனையில் உருவான ஒர்க் ஃபைல் அப்படியே கிடந்தது. அவர் ஓட்டும்போதெல்லாம் ப்ரோக்ராம் அதை எடுத்துக்கொண்டு அழகாக ஓடியது. இரவு ஜாபுக்கு அந்த ஃபைலே கிடையாது.

சரி, கால் பண்ணாமல் கையால் பேட்ச் ஜாபாகச் சப்மிட் செய்து பார்த்தால் போதுமா? அதுவும் போதாது. நீங்கள் சப்மிட் செய்யும்போது, வேறு எதுவும் சொல்லாவிட்டால், உங்கள் லைப்ரரி லிஸ்ட்தான் கூடவே போகிறது. உங்கள் லோக்கல் டேட்டா ஏரியாவும் நகலாகிப் போகிறது. ஷெட்யூலர் அனுப்பும் ஜாபோ அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் தன் ஜாப் டிஸ்கிரிப்ஷனைப் பார்த்து லைப்ரரி லிஸ்டை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் பேட்ச்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஒரு வாடிக்கையாளரிடம் பார்த்ததைச் சொல்கிறேன். ஆர்டர் வந்ததும் இன்வாய்ஸ் போடும் பேட்ச் ஜாப். இன்வாய்ஸில் தேதி மட்டும் பின்தங்கி விழுகிறது. திங்கட்கிழமை ஒரு நாள், வெள்ளிக்கிழமை ஐந்து நாள். டெவலப்பர்கள் திரையில் ஓட்டிப் பார்க்கிறார்கள், தேதி சரி. கையால் சப்மிட் செய்கிறார்கள், அப்போதும் சரி. ப்ரோக்ராம் எழுதப்பட்ட ஆர்.பி.ஜி. மொழிக் கோடில் ஒரு வரிகூடத் தப்பில்லை. இன்வாய்ஸ் தேதியை யுடேட்டிலிருந்து எடுக்கிறது, அது ஜாபின் தேதி.

அந்த இன்வாய்ஸ் ஜாபை உண்மையில் சப்மிட் செய்வது, டேட்டா க்யூவில் (ஜாப்கள் தகவல் அனுப்பிக்கொள்ளும் வரிசையில்) காத்துக்கொண்டே இருக்கும் இன்னொரு ஜாப். ஞாயிற்றுக்கிழமை ஐ.பி.எல். (மெஷினின் மறுதொடக்கம்) முடிந்ததும் எழுந்தால் அடுத்த ஞாயிறு வரை அது இறங்காது. ஒரு ஜாபின் தேதி அது தொடங்கும்போது நிலைத்துவிடும், நள்ளிரவைத் தாண்டினாலும் மாறாது. காத்திருக்கும் அந்த ஜாப், சப்மிட் வரியில் தன் தேதியையே கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஆக வாரம் முழுக்க எல்லா இன்வாய்ஸும் ஞாயிற்றுக்கிழமைத் தேதியைச் சுமந்துகொண்டு பிறந்தன. அன்று காலை சைன் ஆன் செய்த டெவலப்பருக்கு இது எப்படித் தெரியும்? உண்மையான ஜாபைப் பிடித்து நிறுத்தி, அதன் தேதியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சப்மிட் வரியில் தேதியைச் சரியாகக் கொடுத்ததும் தீர்ந்தது.

பிடித்து நிறுத்துவது பெரிய வித்தையும் இல்லை. டெஸ்ட் மெஷினில், எந்த வழியாக ஜாப் வருமோ அதே வழியாக வரவிட்டு, ஜாப்கள் முறைக்குக் காத்திருக்கும் ஜாப் க்யூவை ஹோல்டு செய்துவையுங்கள். ஜாபின் பெயர், யூசர், எண் மூன்றையும் எடுத்து ஸ்டார்ட் சர்வீஸ் ஜாப் கமாண்டைக் கொடுங்கள். அப்புறம் ப்ரோக்ராம் பெயரோடு ஸ்டார்ட் டீபக். க்யூவை விடுவித்ததும் ஜாப் ஓடத் தொடங்கும் முன் உங்கள் திரையில் ஓர் அறிவிப்பு வரும். அங்கே எஃப்10 அடித்து, சோர்ஸைக் காட்டச் சொல்லி, வேண்டிய வரியில் எஃப்6 அடித்தால் பிரேக்பாயின்ட் (ப்ரோக்ராம் நிற்குமிடம்) விழுந்துவிடும். இனி நீங்கள் பார்ப்பது அந்த ஜாபின் வேரியபிள்கள், அந்த ஜாபின் லைப்ரரி லிஸ்ட். ரேஷனல் டெவலப்பர் என்ற ஐ.பி.எம். மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு, ப்ரோக்ராம் கூப்பிடப்பட்டதும் டீபக்கைத் தொடங்கும் சர்வீஸ் என்ட்ரி பாயின்ட் இருக்கிறது, ஹோல்டு செய்யவே வேண்டாம். கம்பைல் செய்யும்போது, டீபக்கில் சோர்ஸைக் காட்டும் டீபக் வியூ கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ப்ரொடக்‌ஷன் லைப்ரரி ஃபைல்களை அப்டேட் செய்ய டீபக் தானாக அனுமதிக்காது. அந்தத் தடையை யோசிக்காமல் எடுக்காதீர்கள். பிரேக்பாயின்டில் நிறுத்திவிட்டு டீ குடிக்கவும் போகாதீர்கள். நீங்கள் லாக் செய்து வைத்திருக்கும் ரெக்கார்டுக்காக இன்னொருவருடைய ஜாப் 60 விநாடி காத்திருந்துவிட்டு எர்ரரில் விழும்.

ப்ரொடக்‌ஷனில் நம்மில் பலருக்கு டீபக் செய்யவே அனுமதி கிடையாது, அது நியாயமும்கூட. அங்கே நமக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி, ஜாபின் மெசேஜ்கள் பதிவாகும் ஜாப்லாக். அதையும் நாமே அழித்துவிடுகிறோம் என்பதுதான் என் உண்மையான கோபம். கமாண்டுகளை வரிசையாக ஓட்டும் சி.எல். ப்ரோக்ராமின் தலையிலேயே, எல்லாப் பிழை மெசேஜ்களையும் பிடிக்கும் சி.பி.எஃப்.0000-க்கு ஒரு மானிட்டர் மெசேஜ் போட்டு, எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போகச் சொல்கிறோம். ஃபைல் காப்பி ஆகவில்லை, ஆனாலும் போஸ்டிங் ஓடுகிறது. ஜாப் நார்மலாக முடிகிறது. ஜாப் டிஸ்கிரிப்ஷனில் லாகிங் நோலிஸ்ட் என்று இருந்தால், நார்மலாக முடிந்த ஜாபுக்கு ஜாப்லாக்கே வராது. கணக்கு தப்பு, தடயம் பூஜ்ஜியம். எந்தக் கமாண்டுக்கு எந்தப் பிழை வரலாம் என்று தெரியுமோ, அதற்குக் கீழே அந்த மெசேஜுக்கு மட்டும் மானிட்டர் போடுங்கள். மற்றது வெடிக்கட்டும். இரவில் பதில் கேட்டு மெசேஜ் வெயிட்டில் நிற்கும் ஜாப், தப்பான பேலன்ஸோடு விடியும் காலையைவிட எவ்வளவோ மேல்.

முக்கியமான பேட்ச் ஜாப்களுக்கு லாகிங்கை செக்லெவல் (விரிவான விளக்கத்தோடு ஜாப்லாக் எப்போதும் எழுதப்படும்) என்று மாற்றச் சொன்னால், ஜாப்லாக்குகள் சேரும் ஸ்பூல் நிரம்பி டிஸ்க் போய்விடும் என்று அட்மின்கள் மறுக்கிறார்கள். எல்லா ஜாபுக்கும் கேட்கவில்லை, பணத்தைத் தொடும் ஜாப்களுக்கு மட்டும்தான் கேட்கிறேன். பழைய ஜாப்லாக்குகளை இத்தனை நாளில் அழி என்று கிளீன்அப் மெனுவிலேயே சொல்லி வைக்கலாம். மாதக்கடைசிக் கணக்கைத் தாண்டும் அளவுக்கு அந்த நாட்களை வையுங்கள்.