வில்லியம்ஸின் பெயரை விமான நிலையத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

அமெரிக்கக் கறுப்பினக் கட்டடக் கலைஞர் பால் ஆர். வில்லியம்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையில், லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் 'தீம் பில்டிங்' என்ற கட்டடத்தை அவர் தனியாக வடிவமைத்தார் என்று உள்ளது. திருத்திவிடுங்கள். பெரேரா–லக்மன் கட்டடக்கலை நிறுவனம், கட்டடக் கலைஞர் வெல்டன் பெக்கெட், வில்லியம்ஸ் என மூன்று தரப்பும் சேர்ந்து செய்த வேலை அது. இந்தத் தவறான பெருமை அவருக்குத் தேவையும் இல்லை.

அவரை அறிய, அதே ஊரின் 28-ஆம் தெருவில் அவர் வடிவமைப்பில் 1926-இல் எழுந்த ஒய்.எம்.சி.ஏ. (கிறித்தவ இளைஞர் சங்கம்) கட்டடத்தைப் பாருங்கள். தங்கும் அறைகள், உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம் மூன்றும் ஒரே கட்டடத்தில். ஓட்டல்களும் குளங்களும் கறுப்பர்களை ஒதுக்கிய ஊரில் இவை ஆடம்பரமல்ல, அவசியம். முகப்பில் கறுப்பினத் தலைவர்களான ஃபிரெடரிக் டக்ளஸ், புக்கர் டி. வாஷிங்டன் இருவரின் புடைப்புச் சிற்பங்கள். இப்போது அது குறைந்த வருமானத்தினருக்கான குடியிருப்பு. 1949-இல் கறுப்பர்கள் நடத்திய கோல்டன் ஸ்டேட் மியூச்சுவல் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தலைமையகம் வரைந்து கொடுத்தார்.

வாடிக்கையாளர் முன் அவர் தலைகீழாக வரைந்து காட்டியதைக் கட்டுரையில் வெறும் வித்தை என்று கடந்துவிட்டீர்கள். வெள்ளையரான வாடிக்கையாளர் சிலர் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள். அதனால் எதிரே அமர்ந்து, அவர்கள் பக்கமிருந்து நேராகத் தெரியும்படி வரைந்தார். இதில் கைக்கு இடம், வலம், மேல், கீழ் எல்லாமே மாறும். கதவு திறக்கும் திசையோ மாடிப்படி ஏறும் திசையோ பிசகினால் திட்டமே தப்பாகிவிடும். வாடிக்கையாளர் பேசப் பேச இதைச் செய்வதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்!

1923-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். அதே கழகத்தின் தங்கப் பதக்கம் வந்தது 2017-இல், அவர் இறந்து 37 ஆண்டுகள் கழித்து.