பள்ளி மேலாண்மைக் குழுவுக்குச் சட்டம் சொல்லிக்கொடுங்கள்

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்குச் சட்டப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியின் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் மாநிலத்தில் தலைவர் பொறுப்பே ஒரு தாய்க்குத்தான். நல்ல ஏற்பாடு. விடியலில் மல்லிகை பறித்துவிட்டு மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் அக்காக்களை எனக்குத் தெரியும். கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் பற்றிப் பேசுவோம். அப்புறம் தீர்மான நோட்டில் கையெழுத்து. சட்டம் பற்றி ஒரு வார்த்தை வராது.

"நாலு அடி போட்டாத்தான் சார் படிப்பான்" என்று பெற்றோரே சொல்கிறார்கள். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகடிப்பதையும் தடை செய்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும். செங்கல் சூளைக்குப் பிழைக்க வந்த குடும்பத்துக்கு இதை யார் சொல்வது?

எனக்குப் பெரிய பயம் போக்சோ, அதாவது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், அந்த விஷயத்தில்தான். ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், "பொம்பளப் புள்ள வாழ்க்கை, ஊருக்குள்ளயே பேசி முடிச்சுக்குவோம்" என்று சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நல்லது செய்வதாக நினைத்தே சொல்கிறார்கள். ஆனால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவருக்குச் சட்டமே பாதுகாப்பு. பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். குழுவில் இருக்கும் ஒரு தாய்க்கு இவ்வளவும் முன்பே தெரிந்திருந்தால், பஞ்சாயத்து பேச வருபவர்களிடம் "அது குற்றம்ணே, நான் உடன்பட மாட்டேன்" என்று அவரால் நிமிர்ந்து சொல்ல முடியும்.

அதிகம் படிக்காதவர்களுக்குச் சட்டம் புரியுமா என்று கேட்காதீர்கள். ரேஷன் கார்டு, பட்டா, நூறு நாள் வேலை என்று அலுவலக விதிகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள் இவர்கள். பேச்சுத் தமிழில், நடந்தது மாதிரி ஒரு வழக்கை வைத்துச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். பயிற்சியை நடத்துவதற்கு, இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சட்ட விழிப்புணர்வு அதன் வேலைகளில் ஒன்று. கல்வித் துறை அவர்களோடு சேர்ந்து, புதுக் குழு அமைந்த முதல் மாதத்திலேயே ஒரு முழு நாள் ஒதுக்கட்டும். தலைமை ஆசிரியரும் கூடவே உட்காரட்டும்.

அன்றைய கூலியையும் கொடுத்துவிடுங்கள். பிழைப்பை விட்டுவிட்டு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது நியாயமில்லை.