தொப்புள்கொடி ரத்தம் எல்லா நோய்க்கும் மருந்தா?

“பிரசவத்தன்று தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்தால், பின்னாளில் குழந்தைக்கு எந்த நோய் வந்தாலும் அதுவே குணமாக்கும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

தலசீமியா என்னும் ரத்தச்சோகை நோய் போன்ற பரம்பரை நோய் என்றால், அந்தக் கோளாறு சேமித்த ரத்தத்திலும் அப்படியே இருக்கும். அதையே திருப்பிக் கொடுத்து என்ன பயன்? 1988இல் பாரிஸில் நடந்த முதல் தொப்புள்கொடி ரத்தச் சிகிச்சையிலும் சிறுவனுக்குத் தரப்பட்டது தங்கையின் ரத்தம்தான்.

அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஏற்கெனவே அத்தகைய நோய் இருந்தால், சரி, சேமிக்கலாம். மற்றபடி, தேவைப்படும் யாருக்கும் தரும் பொதுத் தொப்புள்கொடி ரத்த வங்கிக்குத் தானம் தருவதே மேல் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் 2017 அறிக்கை, இணையத்தில் படிக்கலாம். பிரசவ வலி வந்தபின் சேமிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல், முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.