ஹெல்மெட் குடுத்துட்டா முடிஞ்சுதா?

அபராதத்த ஏத்துனா வேலையிட விபத்து தானா குறைஞ்சிடும்னு எழுதிருக்கீங்க, எனக்கு அதுல பாதிதான் உடன்பாடு. நான் வேலை பாத்த இடத்துல பிரஸ் மெஷினுக்கு முன்னாடி ஒரு கம்பிவலைக் கதவு, அத திறந்தா மெஷின் நின்னுடணும், ஆனா ப்ரொடக்‌ஷன் லேட் ஆகுதுன்னு கதவுல இருக்கற நிறுத்தற சுவிட்ச அமுக்கி டேப் சுத்தி வச்சிருப்பாங்க, இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் டேப்ப பிச்சிட்டு மறுநாள் காலைல புது டேப்!! எந்த அபராதம் இத பிடிக்கும் சொல்லுங்க.

ஐஎல்ஓவோட (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) 155வது உடன்படிக்கை 1981லயே வந்துடுச்சு, உயிருக்கு உடனடி ஆபத்துன்னு நியாயமா தோணுனா தொழிலாளி வேலைய விட்டு விலகிக்கலாம், அதுக்காக அவர பழிவாங்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. 2022ல பாதுகாப்பான வேலையிடத்த ஐஎல்ஓவோட அடிப்படை உரிமை லிஸ்ட்லயும் சேத்தாச்சு. சரி, கான்ட்ராக்ட்ல இருக்கறவன் "மாட்டேன்"னு சொன்னா மறுநாள் கேட்டுக்குள்ள விடுவாங்களா?

அப்புறம் இந்த ஹெல்மெட், கிளவுஸ்லாம் கடைசி தடுப்புதாங்க. முதல்ல ஆபத்தையே எடுக்கணும், முடியலன்னா மறைப்பு போடணும். எங்க சூப்பர்வைசர் கிளவுஸ்லேந்துதான் ஆரம்பிப்பாரு, அதுவும் சுத்தற டிரில்லிங் மெஷின்ல நிக்கறவனுக்கு, கிளவுஸ் மாட்டிக்கிட்டா கையோட சேத்து இழுத்துடும்ங்கறதுகூட தெரியாம.